பெட்டியில் இடம் கிடைக்காத மிளகாய்த்தூள்

வாசகர் கேள்வி

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 67. கணவருக்கு இந்த ஜூலையில் 70 நிறைந்தது. அதற்காகவே மகள் கனடாவிலிருந்தும் மகன் லண்டனிலிருந்தும் குடும்பத்தோடு வந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் வந்து நின்று ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்று அறைகள் கொண்ட எங்கள் தொடர்மாடி வீட்டில் ஆறு வாரங்கள் ஒன்பது பேர். வேல் பார்த்தோம். நல்லூருக்குப் போனோம். பிறந்தநாளை மண்டபம் எடுத்துச் செய்தோம். பழைய சிநேகிதிகளும் என்னிடம் படித்த பிள்ளைகளும் வந்து போனார்கள்.

மகள் புறப்படும் இரவு பெட்டியை எடைபார்த்தபோது 23 கிலோவுக்கு மேல் போய்விட்டது. நான் கட்டிவைத்த மிளகாய்த்தூள் பொதிகளை அவள் எடுத்து வெளியே வைத்தாள். “இதெல்லாம் அங்கே கடையில் கிடைக்கிறது, அம்மா. எதற்கு இந்த வீண் வேலை?” என்றாள். பிள்ளைகளுக்கு இருமல் வரக்கூடாது என்று விடிய நாலரை மணிக்கு எழுந்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு வறுத்த தூள் அது. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. “இனிமேல் வந்தால் ஹோட்டலில் நில்லுங்கள். என்னால் சமைத்துப் போட முடியாது” என்று சொல்லிவிட்டேன். மருமகன் முன்னால், பேரப்பிள்ளைகள் முன்னால். அவள் ஒன்றும் பேசாமல் பெட்டியைப் பூட்டினாள். வான் வந்தது. போய்விட்டார்கள். மகன் குடும்பம் அதற்கு இரண்டு நாள் முன்பே புறப்பட்டுவிட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வான் ஒழுங்கையால் திரும்பியதும் மேலே வந்து கட்டிலில் விழுந்தேன். “அப்பாடா” என்று இருந்தது. அப்படி நினைத்ததற்காக இன்றுவரை என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை. 1983 ஆடியில் என் அண்ணா கொழும்பிலிருந்து கப்பலேறிப் போனவர். அவரை மறுபடி கண்டது 2002இல். அவருக்காக அம்மா பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவள் நான். பிள்ளைகள் போனதும் நிம்மதிப்பட்ட நான் எப்படிப்பட்ட தாய்?

மகள் வாரம் ஒருமுறை தொலைபேசியில் எடுக்கிறாள். “சாப்பிட்டீர்களா, அப்பா மருந்து போட்டாரா” என்பதோடு வைத்துவிடுகிறாள். அந்த இரவைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. கணவர், “விடு, தானாகச் சரிவரும்” என்கிறார். இந்த ஆறு வாரங்களை நினைத்தாலே அந்த இரவுதான் கண்முன் வந்து நிற்கிறது. அடுத்த முறை வரச் சொல்வதா, வேண்டாமா? தூள் இன்னும் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதை என்ன செய்வது?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

ஆலோசகரின் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் வாசிப்பில் அந்த இரவு என்னையும் பிடித்துக்கொண்டது. இரண்டாவது முறைதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆறு வாரங்களைச் சில சின்ன வரிகளில் முடித்துவிட்டீர்கள். பெட்டியை எடைபார்த்த அரைமணி நேரத்துக்கு ஒரு முழுப் பத்தி.

கடிதத்தோடு தனித்தாள் ஒன்றும் வைத்திருந்தீர்கள். இடம் போதாமல் அதை இங்கே வெளியிடவில்லை. ஆனால் அதிலிருந்து இரண்டு காட்சிகளை முதலில் எடுத்து வைக்கிறேன். என் பதில் அங்கேதான் தொடங்குகிறது.

நல்லூர்க் கோயில் வாசலில் உங்கள் ஒன்பது வயதுப் பேரன் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று நின்றான். ஆண்கள் மேலாடை இல்லாமல்தான் உள்ளே போகவேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். கனடாவில் வளர்ந்த பிள்ளைக்கு அத்தனை சனத்துக்கு நடுவே வெறும் மேனியோடு நிற்கக் கூச்சம். யாரும் அவனை அதட்டவில்லை. உங்கள் கணவர் தன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக, வேண்டுமென்றே மெதுவாகக் கழற்றினார். கடைசிப் பொத்தானைப் பேரனிடம் விட்டார். அவன் அதைக் கழற்றிவிட்டு, கேட்காமலே தன் சட்டையையும் கழற்றித் தாத்தாவின் தோளில் போட்டான்.

மற்றது காலிமுகத் திடலில் நடந்தது. பிள்ளைகள் அதைக் கோடை விடுமுறை என்கிறார்கள். நமக்கு அது ஆடியும் ஆவணியும், சோளகம் வீசிக் கடல் குமுறுகிற காலம். அந்தக் காற்றில் லண்டன் பேத்தி பட்டம் விட்டாள். ஆறு வயது. இறால் வடை வாங்கிக் கொடுத்தால் அதைச் சாப்பிடக்கூட நூலை விடமாட்டேன் என்றாள். நீங்கள் வடையைப் பிய்த்து, ஊதி ஊதி அவள் வாயில் வைத்தீர்கள். உறைப்பில் அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. வழிய வழிய, “இன்னும்” என்றாள்.

இவையெல்லாம் நடந்தவை, அம்மா. பின்னால் வந்த ஒரு சண்டை இவற்றை நடக்காதவையாக ஆக்கிவிடாது. ஆனாலும் உங்கள் மனம் இவற்றைத் தனித்தாளில் ஒதுக்கிவிட்டு, அந்த இரவைக் கடிதத்தில் வைத்தது. ஏன் என்பதை விளக்க ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும்.

2002இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், 1993இல் தன் சகாக்களோடு ஒரு பரிசோதனையை வெளியிட்டார். கலந்துகொண்டவர்கள் ஒருமுறை 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடிகள் கையை வைத்திருந்தார்கள். இன்னொருமுறை அதே குளிர்நீரில் அதே 60 விநாடிகள். அதன்பின் கையை எடுக்காமல் மேலும் 30 விநாடிகள். அந்தக் கடைசி 30 விநாடிகளில் மட்டும் நீர் மெல்ல மெல்ல ஒரு பாகை சூடேற்றப்பட்டது. அப்போதும் அது கையை வலிக்கச் செய்கிற குளிர்தான். பிறகு, “எதை மறுபடி செய்ய விரும்புகிறீர்கள்?” என்று கேட்டபோது 32 பேரில் 22 பேர் நீண்டதையே தெரிவுசெய்தார்கள். கூடுதலாக வலித்தது அதுதான். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. நினைவில் அது நிலைத்துவிட்டது. நாம் ஓர் அனுபவத்தைத் திரும்பிப் பார்க்கும்போது அது எத்தனை நாள் நீடித்தது என்பதை மனம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்தே மதிப்பிடுகிறது என்பது அவர்கள் கண்டது.

உங்களுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். 42 நாள்கள் இதமாக இருந்தன. கடைசி அரைமணி நேரம் கசந்தது. அந்தக் கசப்பு உச்சமாகவும் முடிவாகவும் ஒரே இடத்தில் வந்து விழுந்துவிட்டது. அதனால்தான் மனம் முழு விடுமுறைக்கும் அந்த நிறத்தைப் பூசுகிறது. நன்றி மறந்தவர் என்றோ, மகிழ்ச்சியை அனுபவிக்கத் தெரியாதவர் என்றோ உங்களை நீங்களே ஏசவேண்டாம். அதே பரிசோதனையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. முடிவோடு இதமான ஒரு சிறு பகுதியை ஒட்டினால், முன்னால் இருந்த வலியின் நினைவும் மாறுகிறது. உங்கள் விடுமுறைக்கு அந்தப் பகுதியை இன்னும் ஒட்ட முடியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த இரவுக்குள் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்.

புறப்படும் நேரத்துச் சண்டையை நான் நன்றாக அறிவேன். பேராதனையில் படித்த காலத்தில் ஒவ்வொரு விடுமுறை முடிவிலும், பயணத்துக்கு முதல்நாள் இரவு, என் அம்மாவும் நானும் சண்டை பிடிப்போம். முருங்கைக்காய் கொண்டுபோவதா வேண்டாமா, எந்தப் போர்வையை மடித்து வைப்பது என்று ஏதாவது ஒரு சின்ன விஷயம். மறுநாள் காலை ரயிலில் ஏறி இருந்தபிறகு அழுகை வரும். இந்தத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே அதன் காரணம் எனக்கு விளங்கியது. பிரிகிற துக்கத்தைத் தாங்குவதைவிடக் கோபப்படுவது சுலபம். கோபத்தில் உடம்புக்கு ஒரு வேலை இருக்கிறது. குரலை உயர்த்தலாம், பெட்டியை அடித்துச் சாத்தலாம். துக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. என் அறைக்கு வருகிற குடும்பங்களில், விமான நிலையத்துக்குப் புறப்படும் முன் நடந்த சண்டையைச் சொல்லாதவர்கள் குறைவு. ஜூலையும் ஓகஸ்டும் முடிந்து செப்டெம்பர் பிறந்தால் இதே கதையைப் பல குரல்களில் கேட்கிறேன்.

உங்கள் விஷயத்தில் இதைவிட ஆழமான ஒன்றும் இருக்கிறது. அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், போகிறபோக்கில், தாளின் ஓரத்தில். 1983 ஜூலைக் கடைசியில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபிறகு, முகாம்களில் தஞ்சமடைந்திருந்தவர்களைக் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். உங்கள் அண்ணா அந்தக் கப்பல் ஒன்றில் போனார். பிறகு ஜேர்மனிக்குப் போய்விட்டார். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகே வந்து முகம் காட்டினார். 19 ஆண்டுகள். “அவன் போகும்போது கையில் ஒன்றும் கொடுத்துவிட முடியவில்லையே” என்று உங்கள் அம்மா கண்மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியில் என்னால் நிறைய நேரம் நகர முடியவில்லை.

அந்த மிளகாய்த்தூளை வறுத்தவர் நீங்கள் மட்டும்தானா, அம்மா? செத்தல் மிளகாயும் மல்லியும் சின்னச்சீரகமும் மிளகும் கறிவேப்பிலையும் வறுபட்ட அந்த விடியற்காலையில், வெறுங்கையோடு பிள்ளையை அனுப்பிய இன்னொரு தாயும் உங்களோடு அடுப்படியில் நின்றிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் தலைமுறைக்கு வழியனுப்புதல் என்பது திரும்பி வரும் தேதி தெரியாத ஒன்றாகப் பல ஆண்டுகள் இருந்தது. அதிலும் கொழும்பில், ஆடி மாதத்தில். போகிறவரின் கையில் எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அங்கிருந்து வருகிறது. உங்கள் மகளுக்கோ பயணம் என்பது போகவரப் பதிந்த டிக்கெட். அவள் எடுத்து வெளியே வைத்தது இரண்டு கிலோ தூள். நீங்கள் பார்த்தது, மறுபடியும் ஒரு பிள்ளை வெறுங்கையோடு போவதை. ஒரே பொதியை இருவரும் வேறு வேறு நிறையாக உணர்ந்திருக்கிறீர்கள்.

அவள் சொன்ன வார்த்தையையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். “எதற்கு இந்த வீண் வேலை?” உங்கள் காதில் இது, “உங்கள் தூள் எங்களுக்கு வேண்டாம்” என்று விழுந்தது. ஆனால் உங்கள் தாளில் இன்னொரு வரி இருக்கிறது. கடைசி வாரம் உங்கள் கால்கள் வீங்கியிருந்தன; மகள் இரவில் வெந்நீர் வைத்து உங்கள் கால்களைக் கழுவிவிட்டாள். அந்தக் கால்களைத் தொட்டுப் பார்த்த பெண், நீங்கள் நாலரை மணிக்கு எழுந்து அடுப்புக்கு முன் நின்றதை அறியும்போது, “இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா, அம்மா” என்று கேட்க நினைத்து, களைப்பில் வேறுவிதமாகக் கேட்டிருக்கக்கூடும். உங்கள் மகளோடு நான் பேசியதில்லை. இப்படித்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் முடியாது. அவளிடம் கேட்டால் தெரியும்.

இனி, நீங்கள் உங்களை மன்னிக்க மறுக்கிற அந்த “அப்பாடா”வுக்கு வருகிறேன்.

1967இல் தோமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள், மனிதரை அழுத்துகிற 43 வாழ்க்கை நிகழ்வுகளை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் புள்ளி இட்டார்கள். வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100 புள்ளி. அந்தப் பட்டியலை முதன்முதல் பார்ப்பவர்கள் வியப்பது இதற்கு: அதில் நல்ல காரியங்களும் இருக்கின்றன. திருமணத்துக்கு 50. குடும்ப ஒன்றுகூடல்களின் எண்ணிக்கை மாறுவதற்கு 15. விடுமுறைக்கு 13. தூக்கம் மாறுவதற்கும் சாப்பாடு மாறுவதற்கும் தனித்தனியே 16உம் 15உம். மகன் அல்லது மகள் வீட்டைவிட்டுப் போவதற்கு 29. மகிழ்ச்சியானதோ துயரமானதோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடம்பும் மனமும் தங்களைச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த உழைப்புக்குக் கூலி உண்டு என்பதே அவர்கள் சொன்னது. பரீட்சைப் புள்ளிகளைப்போல இதைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். உங்கள் ஆறு வாரங்களில் இவற்றில் எத்தனை ஒரே நேரத்தில் வந்தன என்பதை மட்டும் பாருங்கள்.

ஒன்பது பேருக்குக் காலையில் இடியப்பமும் சொதியும். ஒருத்திக்கு உறைப்பு ஆகாது, ஒருவன் பாலைத் தொடமாட்டான், உங்கள் கணவருக்குச் சீனி கூடாது. குளியலறை ஒன்று. நேரவேறுபாட்டால் முதல் வாரம் முழுவதும் பிள்ளைகள் நள்ளிரவில் விழித்து விளையாடினார்கள். வேல் அன்று செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் ரதத்தைப் பார்க்க, காலி வீதி ஓரத்தில் மணிக்கணக்காக நின்றீர்கள். அடுத்த வாரம் யாழ்ப்பாணம். திரும்பி வந்த மூன்றாம் நாள் மண்டபம். இவ்வளவுக்கும் பிறகு கட்டிலில் விழுந்தவருக்கு “அப்பாடா” என்று வந்தது. அது உடம்பின் குரல், அம்மா. பாரம் இறக்கிய தோள் நிமிர்வதைப் போன்றது. பிள்ளைகள் போனதற்கு அழுகையும், வீடு ஓய்ந்ததற்கு ஆறுதலும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்கலாம். ஒன்று வந்துவிட்டதால் மற்றது பொய்யாகிவிடாது. நீங்கள் உங்கள் அம்மாவின் துயரத்தை அளவுகோலாக வைத்திருக்கிறீர்கள். அவருடைய மகன் போனவிதம் வேறு, உங்கள் பிள்ளைகள் போனவிதம் வேறு. அவர் அழுத அளவு நீங்கள் அழ வேண்டியதில்லை. அப்படி அழவேண்டிய நிலை உங்களுக்கு வராததற்கு உங்கள் அம்மா மகிழ்ந்திருப்பார்.

இப்போது தொலைபேசி. உங்கள் கணவர் தானாகச் சரிவரும் என்கிறார். பெரும்பாலான சின்னச் சண்டைகளுக்கு அது பொருந்தும். இதற்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஏற்கெனவே பல வாரங்கள் கடந்தும் உங்கள் இருவரின் பேச்சும் மருந்தையும் சாப்பாட்டையும் தாண்டவில்லை. இருவரும் ஒரு கதவை அடைத்துவிட்டு, அதற்கு வெளியே நின்று மரியாதையாகப் பேசிக்கொள்கிறீர்கள். வயதில் மூத்தவர் முதலில் பேசுவது நம் வீடுகளில் வழக்கமில்லை. மகள்தான் வந்து சமாதானம் சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்போம். இந்த முறை நீங்கள் முதலில் பேசுங்கள். சொன்ன சொல் உங்களுடையது, அதை எடுக்கவும் உங்களால்தான் முடியும்.

அவள் எடுக்கும்வரை காத்திராமல் நீங்களே எடுங்கள். சனிக்கிழமை மாலை 6.30க்கு இங்கிருந்து எடுத்தால் ரொறன்ரோவில் காலை 9 மணி. வேலைக்கு ஓடும் அவசரம் அவளுக்கு இருக்காது. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள், அப்போது 7.30க்கு எடுக்கவேண்டும். அதுவரை தள்ளிப்போட வேண்டாம். குடும்பக் குழுவில் எழுதாதீர்கள், குரல் பதிவு அனுப்பாதீர்கள். இது இருவர் பேசவேண்டிய பேச்சு.

என்ன சொல்வது என்று தடுமாறினால், இந்த அளவு போதும்: “பிள்ளை, அன்றிரவு ஹோட்டலில் நில்லுங்கள் என்று நான் சொன்னது பிழை. நீங்கள் போகிறீர்கள் என்பதை எனக்குத் தாங்க முடியவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் கோபித்துவிட்டேன்.” இவ்வளவுதான். இதற்குப் பின்னால் “ஆனால் நீயும்” என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வரும். ஆசிரியையாக இருந்தவர் நீங்கள். ஒரு பிள்ளையின் தவறைச் சுட்டிக்காட்டாமல் விடுவது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்று ஊகிக்கிறேன். அன்றைக்கு அதை விடுங்கள். அவள் அழலாம், சிரிக்கலாம், “அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்” என்று பொய் சொல்லலாம். அவள் சொல்வதைக் கேட்டபடி இருங்கள். அண்ணாவையும் உங்கள் அம்மாவையும் பற்றிய அந்த வரியை அவளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் தாளைப் பார்த்தால் சொல்லவில்லை போலிருக்கிறது. இன்னொரு நாள், நிதானமாகச் சொல்லுங்கள். தூள்ப் பொதியின் நிறை அவளுக்கு அப்போது தெரியும்.

பேரனோடும் ஒரு நிமிடம் பேசுங்கள். பெரியவர்களின் சண்டைக்குத் தாங்களே காரணம் என்று பிள்ளைகள் மனத்துக்குள் வைத்துக்கொள்வதுண்டு. பெட்டியில் தன் விளையாட்டுப் பொருள்களால்தான் இடம் போதவில்லை என்றுகூட அவன் நினைத்திருக்கலாம். “அன்றைக்கு அம்மம்மா கோபித்தது உங்களோடு இல்லை” என்று ஒரு வரி. பிறகு நல்லூர் வாசலில் சட்டைப் பொத்தான் கழற்றிய கதையை அவனே உங்களுக்குச் சொல்லட்டும். இந்தப் பேச்சைத்தான் விடுமுறையின் முடிவோடு ஒட்டக்கூடிய இதமான பகுதி என்று முன்னே சொன்னேன்.

அடுத்த முறை வரச் சொல்வதா என்று கேட்டீர்கள். வரச் சொல்லுங்கள். ஆனால் இதே முறையில் வேண்டாம். கோபத்தில் வந்தாலும் அந்த “ஹோட்டல்” என்ற சொல்லுக்குள் ஓர் உண்மையான தேவை இருக்கிறது. ஒரு குடும்பம் உங்களோடு நிற்க, மற்றக் குடும்பம் அதே ஒழுங்கையில் நாள் வாடகைக்கு ஒரு வீடு எடுக்கலாம்; வெள்ளவத்தையில் இது இப்போது சாதாரணம். இரவில் தனித்தனியே தூங்கிவிட்டுப் பகலில் ஒன்றாக இருப்பதால் பாசம் குறையாது. இதைக் கோபம் இல்லாத ஒரு நாளில், உங்கள் கால் வீக்கத்தையே காரணமாகச் சொல்லிப் பேசுங்கள். வாரத்தில் சில காலைகளுக்காவது இடியப்பத்தைக் கடையில் வாங்குங்கள். அம்மாவின் கையால் சாப்பிட வந்த பிள்ளைகள் என்று நினைக்கிறீர்கள்; அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிடுவதை அவர்கள் எத்தனை நாள் பார்த்திருப்பார்கள்?

பணத்தைப் பற்றி ஒரு வரி மட்டும் எழுதி அடித்துவிட்டிருந்தீர்கள். அடித்த பிறகும் வாசிக்க முடிந்தது. மின்கட்டணச் சீட்டை மகனுக்கு அனுப்புங்கள். நம் நாட்டில் அலகுகள் கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடுகிறது. மூன்று அறைகளிலும் இரவு முழுவதும் குளிரூட்டி ஓடினால் ஓய்வூதியத்தில் வாழும் இருவரால் அந்தத் தொகையைக் கட்டுவது எளிதில்லை. சம்பாதிக்கிற பிள்ளைகளிடம் அதைச் சொல்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. சொல்லாமல் வைத்திருந்தால்தான் அது வேறு எங்காவது, பெட்டி கட்டுகிற இரவு போன்ற ஒரு நேரத்தில், வேறு வடிவத்தில் வெடிக்கும்.

பெட்டியையும் புறப்படும் நாளில் கட்டவேண்டாம். இரண்டு நாள் முன்பே கட்டி, எடைபார்த்து, பூட்டி, அறை மூலையில் வைத்துவிடுங்கள். கடைசி மாலைக்கு வேறு ஒரு வேலையும் வைக்காதீர்கள். எல்லோரும் மெரின் டிரைவுக்கு நடந்துபோய்க் கடலைப் பார்த்து உட்காருங்கள். கரையோர ரயில் ஒன்று இரண்டு போகும். அழுகை வந்தால் அங்கே அழுங்கள். இருட்டிய பிறகு யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள்.

உங்கள் கணவரைப் பற்றியும் ஒரு சொல். “விடு” என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் என்ன செய்கிறார் என்று எழுதவில்லை. 70 வயதில், அத்தனை பேர் சூழ்ந்து நின்று வாழ்த்திய பிறகு, வெறும் வீட்டில் ஒரு கதிரையில் இருக்கிற மனிதருக்கும் இது கனமான காலம்தான். ஒரு மாலை அவரோடு இருந்து பிறந்தநாள் படங்களைப் பாருங்கள். சேர்ந்து நாற்பது படங்களைத் தெரிந்தெடுத்து அச்சிட்டு ஓர் அல்பமாக்குங்கள். யாரை எங்கே வைப்பது என்று இருவரும் வாதாடும்போது அந்த ஆறு வாரங்களும் தாளிலிருந்து எழுந்து வரும். காலிமுகத் திடல் பட்டத்தை முதல் பக்கத்தில் ஒட்டுங்கள் என்பது என் விருப்பம்.

இன்னொன்றைத் தொழில்முறையில் சொல்லவேண்டியது என் கடமை. பிள்ளைகள் போனபின் சில வாரங்கள் வெறுமையாக இருப்பது இயல்பு. ஆனால் நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருப்பதும், முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவதும், தூக்கமும் பசியும் கெடுவதும் இரண்டு வாரங்களுக்கு மேல் விடாமல் தொடர்ந்தால், அதை வயதின் கணக்கிலோ பிரிவின் கணக்கிலோ எழுதிவிடாதீர்கள். உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். கால் வீக்கத்தையும் அதே வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். அது நின்று சமைத்ததால் மட்டும் வந்ததா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.

கடைசியாக, குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் தூள். எறியவேண்டாம். ஈரம் படாமல் இறுக்கி மூடியிருந்தால் பல மாதங்கள் கெடாது. ஒரு பொதியை இன்றைக்கே பிரித்து, உங்கள் இருவருக்கும் மீன் குழம்பு வையுங்கள். மார்கழி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வருகிறவர்கள் திரும்பும்போது யாராவது கொண்டுபோவார்கள். கொடுத்துவிடும் முன் மகளிடம் கேளுங்கள், எவ்வளவு வேண்டும் என்று. அவள் கால் கிலோ போதும் என்றால் கால் கிலோவே கட்டுங்கள், அம்மா. அரைக் கிலோ வேண்டாம்.